எந்திரத்துக்குச் சாதி இல்லை, லைனுக்கு?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களில் நம் காலனிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், பிளஸ் 2-வோடு நின்றவர்கள். அவர்களுடைய அப்பா ஏர் ஓட்டிய, அம்மா நாற்று நட்ட நிலங்கள் சிப்காட் ஆகிவிட்டன. பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு வந்தது. அதே நிலத்தில் மூன்று தலைமுறையாகக் கூலிக்கு இறங்கியவருக்கு வேலை போனதுதான் மிச்சம்.

ஆனாலும் நம்மில் பலர் அந்தத் தொழிற்சாலைகளை மனதார வரவேற்றோம். அதற்குக் காரணம் இருந்தது. பண்ணையில் கூலி கேட்கப் போனால் வாசலில் நிற்க வேண்டும். கம்பெனியில் சம்பளம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஊரில் டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த காலத்தைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள், கம்பெனி கான்டீனில் எல்லோருக்கும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். சட்டையில் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் இல்லை, எண் இருக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்கிறவர்கள் அந்தத் தெருவில் வளராதவர்கள்.

அதனால்தான் "எந்திரத்துக்குச் சாதி தெரியாது" என்று நாம் நம்பத் தொடங்கினோம். எந்திரத்துக்குத் தெரியாது என்பது உண்மை. வெளிநாட்டிலிருந்து எந்திரத்தோடு கூடவே வேலை செய்யும் முறையும் வருகிறது. அந்த முறையில் யாரை எங்கே நிறுத்துவது, யாரை நிரந்தரமாக்குவது, யாரை ஆறு மாதத்தில் அனுப்புவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். சாதி நுழைகிற வாசல் அங்கேதான் இருக்கிறது. இது இன்றைக்கு நேற்றைக்குக் கண்டுபிடித்த சங்கதி இல்லை.

நாடாவின் கண்ணில் புகுந்த தீட்டு

பம்பாய் பஞ்சாலைகளுக்கு எந்திரங்களும், அவற்றை ஓட்டும் முறையும் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்தன. காஞ்சிபுரத்து வாசகர்களுக்குத் தறியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்ததும், புதுத் தாரை நாடாவில் வைத்து, நூல் முனையை நாடாவின் சிறு துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். லங்காஷயர் முறையில் அதற்கு ஒரு சுருக்கு வழி இருந்தது: துளையில் வாயை வைத்து ஒரே உறிஞ்சு. ஒரு விநாடியில் நூல் வெளியே வந்துவிடும். தறி நிற்கிற நேரம் குறையும், உற்பத்தி கூடும். அங்கே இது வெறும் வேலைப் பழக்கம்.

பம்பாயில் இதே பழக்கம் தீண்டாமை ஆனது. ஒரு தலித் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அந்தப் பிரிவின் கதவு தலித்துகளுக்கு மூடப்பட்டது. கூலி குறைந்த நூற்புப் பிரிவில் அவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். ஆலைக்கு வெளியே சாதி இருந்தது என்பது பழைய கதை. ஆலைக்கு உள்ளே, சம்பளச் சீட்டிலேயே அது ஏறிவிட்டது என்பதுதான் புதியது.

1928-ல் பம்பாயில் ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்த மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது அண்ணல் அம்பேத்கர் இந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் நேராக வைத்தார். நெசவுப் பிரிவில் எங்கள் மக்களுக்கு இடம் கேட்பீர்களா, மாட்டீர்களா? கோரிக்கைப் பட்டியலில் அதையும் சேர்த்தார்கள், ஆனால் மனமுவந்து சேர்க்கவில்லை. தொழிலாளி என்ற பெயரில் ஒன்றாக நிற்கச் சொல்கிறவர், தறிக்கு முன்னால் ஒன்றாக நிற்க அனுமதிப்பாரா என்று அண்ணல் கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் வயதாகவில்லை.

சென்னையில் நடந்தது இன்னும் கசப்பானது. பெரம்பூரில் பின்னி என்ற ஆங்கிலேயக் கம்பெனி நடத்திய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் 1921-ல் வேலைநிறுத்தம் வந்தது. 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் முன்னின்றது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். சங்கம் தங்களுக்கானது என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை, பட்டினி கிடக்கச் சேமிப்பும் இல்லை, எம்.சி. ராஜா போன்ற தலைவர்களும் வேலைநிறுத்தம் வேண்டாம் என்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது. ஆதிதிராவிடர்களைக் கருங்காலிகள் என்று எழுதி முடித்துவிட்ட வரலாறுகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவர்களைத் தன் ஆட்களாக உணரவைக்க அந்தச் சங்கம் என்ன செய்தது என்று கேட்ட வரலாறுகள் குறைவு.

விநாடிக் கணக்கு

இப்போது நம் பிள்ளைகள் நிற்கிற லைனுக்கு வருவோம். கைசன், ஐந்து எஸ், கன்பான் என்று ஐ.டி.ஐ.யில் பாடமாகவே படிக்கிறார்கள். எல்லாம் டொயோட்டா போன்ற ஜப்பானிய ஆலைகளிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய முறைகள். சுருக்கமாகச் சொன்னால், உதிரிப் பாகங்களைக் குடோனில் குவித்து வைக்காதே, தேவையான நேரத்துக்குத் தேவையான அளவு மட்டும் வரட்டும். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை விநாடி என்று அளந்து வை. குறை தெரிந்தால் தொழிலாளியே லைனை நிறுத்தலாம், அதற்கு ஒரு கயிறு தொங்கட்டும்.

கையிருப்பே இல்லாமல் ஓடுகிற லைனில் ஒரு மூலையில் பத்துப் பேர் கை கட்டி நின்றாலும் மொத்தத் தொழிற்சாலையும் நின்றுவிடும். அதாவது, இந்த முறை தொழிலாளியின் கையில் பெரிய பலத்தைக் கொடுத்துவிடுகிறது. அதனால் தொழிலாளி ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைப்புக்கு விலை கொடுக்க வேண்டும். ஜப்பானில் 1950-ல் டொயோட்டாவே பெரிய வேலைநிறுத்தத்தைச் சந்தித்தது. நிறுவனர் கிச்சிரோ டொயோடா பதவி விலகினார். அதன்பின் நிரந்தரத் தொழிலாளிக்குக் கிடைத்த உறுதிமொழி, ஓய்வு பெறும் வரை வேலை உண்டு என்பது. 1984-ல் டொயோட்டா அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து, மூடிக்கிடந்த ஃபிரிமான்ட் ஆலையைத் திறந்தது. பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோரையும், அவர்களது சங்கத்தையும் ஏற்றுக்கொண்டே திறந்தது. சில ஆண்டுகளில் விற்பனை படுத்தபோதும் ஆட்குறைப்பு செய்யவில்லை. ஆட்களை வேறு வேலைகளிலும் பயிற்சியிலும் வைத்திருந்தது. அதே ஆலை 2010-ல் மூடப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முறையும் உத்தரவாதமும் சேர்ந்தே கடல் தாண்ட முடியும் என்பதற்கு அது சாட்சி.

இந்தியாவுக்கு வரும்போது மூட்டையில் எது ஏறியது, எது இறக்கப்பட்டது என்பதற்கு மானேசர் ஒன்று போதும்.

மானேசர்: ஒரு வசையும் 13 ஆயுள் தண்டனைகளும்

அரியானாவில், டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில் மாருதி தொடங்கியது 1980-களில். ஜப்பானின் சுசுகி கூட்டாளி. அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே கான்டீன், காலையில் எல்லோருக்கும் உடற்பயிற்சி. இந்திய ஆலைகளில் அதுவரை பார்க்காத காட்சி. பலரும் வியந்து எழுதினார்கள்; வியக்க வேண்டியதுதான்.

பக்கத்திலேயே மானேசரில் இரண்டாவது ஆலை வந்தது. 2011-க்குள் அங்கே ஒரு நிமிடத்துக்குள் ஒரு கார் வெளியே வந்துகொண்டிருந்தது. டீ இடைவேளை ஏழரை நிமிடம், அதற்குள் டீயும் குடிக்க வேண்டும், கழிவறைக்கும் போய்வர வேண்டும் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். ஒரு நாள் லீவு எடுத்தாலும் ஊக்கத்தொகையில் பெரிய வெட்டு. நிரந்தரத் தொழிலாளர்களைவிட காண்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ் ஆட்களின் எண்ணிக்கை அதிகம். ஒரே லைன், ஒரே வேலை, பாதிக்கும் குறைவான சம்பளம். சுசுகியின் விநாடிக் கணக்கு அப்படியே வந்துவிட்டது. ஓய்வு பெறும் வரை வேலை என்பது மட்டும் ஜப்பானிலேயே தங்கிவிட்டது.

தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கேட்டார்கள். 2011 ஜூனில் 13 நாள் வேலைநிறுத்தம். ஆகஸ்ட் கடைசியில் நிர்வாகம் கதவைச் சாத்தியது. 'நன்னடத்தைப் பத்திரத்தில்' கையெழுத்துப் போட்டவர்தான் உள்ளே வரலாம் என்றது. அக்டோபரில் மீண்டும் போராட்டம். அந்தப் போராட்டங்களில் நிரந்தரத் தொழிலாளர்கள், காண்ட்ராக்ட் தொழிலாளர்களையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று உட்கார்ந்தார்கள். இது அரிதாக நடப்பது. குறித்து வைத்துக்கொள்ள வேண்டியது. 2012 மார்ச்சில் ஒருவழியாகச் சங்கம் பதிவானது.

நான்கு மாதம் கழித்து, ஜூலை 18 அன்று காலை ஷிப்டில் ஒரு தலித் தொழிலாளிக்கும் சூப்பர்வைசருக்கும் தகராறு. சூப்பர்வைசர் சாதியைச் சொல்லி வசைபாடினார், தொழிலாளி எதிர்த்துக் கேட்டார் என்கிறது சங்கம். தொழிலாளி சூப்பர்வைசரை அடித்தார் என்றது நிர்வாகம். சாதி வசை என்பதை மறுத்தது. இடைநீக்கம் செய்யப்பட்டவர் தொழிலாளி. அந்த இடைநீக்கத்தை ரத்து செய்யச் சொல்லிச் சங்கம் நாள் முழுக்கப் பேசியது. மாலையில் பேச்சு முறிந்து கலவரமானது. ஆலையின் ஒரு பகுதி தீப்பிடித்தது. மனிதவளத் துறைப் பொது மேலாளர் அந்தத் தீயில் இறந்தார். அந்தச் சாவை எந்தக் கோபமும் நியாயப்படுத்தாது.

அதன்பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 148 தொழிலாளர்கள் கைதானார்கள். 546 நிரந்தரத் தொழிலாளர்களை நிர்வாகம் வேலைநீக்கம் செய்தது. காண்ட்ராக்ட் ஆட்கள் நூற்றுக்கணக்கில் வெளியேறினார்கள், அவர்களுக்கு வேலைநீக்க உத்தரவுகூடத் தேவைப்படவில்லை. 2013-ல் ஜாமீன் மனுவை நிராகரித்த உயர் நீதிமன்றம், தொழிலாளர் கொந்தளிப்புக்குப் பயந்து வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வராமல் போகலாம் என்ற கருத்தையும் பதிவு செய்தது. ஒரு மனிதனுக்கு ஜாமீன் கொடுக்கலாமா என்ற கேள்விக்குள் அந்நிய முதலீடு எப்படி வந்தது என்று சட்டம் படிக்கும் மாணவர்கள் யோசிக்கலாம். 2017 மார்ச்சில் தீர்ப்பு: 117 பேர் விடுதலை, 31 பேர் குற்றவாளிகள். விடுதலையான பலர் அதற்குள் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டார்கள். 13 பேருக்கு ஆயுள் தண்டனை. அவர்களில் 12 பேர் சங்க நிர்வாகிகள். பதின்மூன்றாமவர் அந்த தலித் தொழிலாளி. 2021-ல் அவர் இறந்தார்.

மானேசரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வன்முறையை எழுதினார்கள், அல்லது கார் உற்பத்தி இழப்பை எழுதினார்கள். நமக்கு அதில் முக்கியமான இடம் வேறு. அதே அரியானாவில்தான், இரண்டு ஆண்டுக்கு முன்பு, மிர்ச்பூர் கிராமத்தில் ஆதிக்க சாதியினர் தலித் வீடுகளைக் கொளுத்தினார்கள். நடக்க முடியாத ஒரு பெண்ணும் அவரது வயதான தந்தையும் எரிந்து செத்தார்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில், பல சாதிகளிலிருந்தும் வந்த ஐ.டி.ஐ. இளைஞர்கள், ஒரு தலித் சகாவின் இடைநீக்கத்தை அவன் சொந்தப் பிரச்சினை என்று விட்டுவிடவில்லை. சங்க வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள். 1921-ல் பெரம்பூரில் நடக்காதது 2012-ல் மானேசரில் காலையிலிருந்து மாலை வரை நடந்தது. மாலைக்குப் பிறகு எல்லாம் சாம்பலானது வேறு கதை.

நம் பக்கத்து லைன்

கொரியாவின் உல்சான் நகரில் ஹூண்டாய் தொழிலாளர் சங்கம் 1987-லிருந்து இருக்கிறது. அந்த நாட்டின் வலுவான சங்கங்களில் ஒன்று. இருங்காட்டுக்கோட்டையில் அதே ஹூண்டாயில் 2007-ல் ஒரு சங்கம் தொடங்கியபோது, அதற்கு அங்கீகாரம் கேட்டே ஆண்டுகள் கழிந்தன. ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கானில், 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றபோது, இளம்பெண்கள் இரவெல்லாம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். முறையிட ஒரு சங்கம் உள்ளே வலுவாக இருந்திருந்தால் அவர்கள் எதற்கு ரோட்டுக்கு வர வேண்டும்?

பிறகு சாம்சங். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். சம்பள உயர்வும் கேட்டார்கள். ஆனால் முதல் கோரிக்கை சங்கத்தை அங்கீகரி என்பது. நிர்வாகம் சங்கத்தை ஒதுக்கிவிட்டு ஒரு 'தொழிலாளர் குழு'வோடு ஒப்பந்தம் போட்டது. போராட்டப் பந்தலை இரவோடு இரவாகப் பிரித்தார்கள். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக் கூடாது என்பது கம்பெனியின் ஆட்சேபணை. அதே கம்பெனியின் தலைவர் லீ ஜே-யோங் 2020-ல் கொரியாவில், சங்கமே இல்லாத நிர்வாகம் என்ற பழைய கொள்கைக்காக மக்கள் முன்னால் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டிருந்தார். அந்த மன்னிப்பு சுங்குவார்சத்திரம் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி இறுதியில்தான் சங்கம் பதிவானது.

இதில் நம் இளைஞர்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று இருக்கிறது. 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வழி சொன்னது. பதிவான சங்கத்தோடு முதலாளி பேசியாக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையை அடைக்க 1943-ல் மத்திய சட்டசபையில் ஒரு திருத்த மசோதா வந்தது. கொண்டு வந்தவர் வைஸ்ராய் கவுன்சிலின் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர். 1947-ல் அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் பிரிவுகள் சட்டமாகவே நிறைவேறின. ஆனால் அந்தப் பிரிவுகளை எந்த அரசும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. சாம்சங் வாசலில் 37 நாள் உட்கார்ந்தவர்கள் கேட்டது, அண்ணல் 80 ஆண்டுக்கு முன்பு கேட்டதைத்தான். அம்பேத்கர் பிறந்தநாளில் மாலை போடுகிற எல்லாக் கட்சிகளுக்கும் இது பொருந்தும்.

கம்பெனிக்குள் சாதியைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் வசை 'பொதுப் பார்வையில்' நடந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது அதில் வராது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே சாட்சி வேண்டும். லைனில் சாட்சி யார்? பக்கத்தில் நிற்கிறவன். அவன் காண்ட்ராக்ட் ஆள். அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டிய காண்ட்ராக்ட், கையெழுத்துப் போட வேண்டியவர் அதே சூப்பர்வைசர். அவன் காவல் நிலையத்துக்கு வந்து "ஆமாம், நான் கேட்டேன்" என்று சொல்வானா? ஊரில் பண்ணையாரை எதிர்த்து யாரும் சாட்சி சொல்ல வராத அதே நிலைமை, குளிரூட்டிய ஷெட்டுக்குள் வந்து நிற்கிறது.

தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லை. எந்தக் கம்பெனியில் நிரந்தரப் பணியில் எத்தனை தலித்துகள், காண்ட்ராக்டில் எத்தனை, துப்புரவிலும் கான்டீனிலும் எத்தனை என்று எந்தக் கணக்கும் வாசலில் எழுதி வைக்கப்படுவதில்லை. சலுகையில் நிலம், மின்சாரம், வரிச்சலுகை கொடுக்கிற அரசு, பதிலுக்கு இந்த ஒரு கணக்கைக் கேட்கலாம். கேட்க வைக்க நம் சட்டமன்ற உறுப்பினர்களால் முடியும்.

சங்கங்களையும் விட்டுவிட முடியாது. சாம்சங் போராட்டம் நிரந்தரத் தொழிலாளர்களின் போராட்டம். அந்த 37 நாளும் உள்ளே எந்திரத்தை ஓட்டியது காண்ட்ராக்ட் ஆட்களும் அப்ரண்டிஸ்களும் என்று செய்திகள் வந்தன. அவர்களைக் கருங்காலி என்று திட்டுவது எளிது. 1921-லும் அதுதான் நடந்தது. நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் காண்ட்ராக்ட் முறையைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்த சட்டம் 1970-லேயே வந்துவிட்டது. மானேசரில் காண்ட்ராக்ட் சகாக்களுக்காக உட்கார்ந்தார்களே, அதுபோல நம் பக்கத்துச் சங்கங்களின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் அவர்களுடைய பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கப்போகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறோம்.